கலங்கல் இல்லாத ஏரி

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ஒரு வரலாற்றுக் கட்டுரை. ராஜா, ராணி, போர், கல்வெட்டு என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுத வந்திருப்பது ஒரு சின்னச் சொல்லின் வரலாறு. "போதும்" என்பதுதான் அந்தச் சொல்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் பலருக்கு இந்தச் சொல்லைச் சொல்லும் வாய்ப்பே அதிகம் கிடைக்கவில்லை. "போதும்" என்று சொல்லும் அளவுக்குத் தட்டில் விழுந்தால்தானே! நமக்கோ ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் வாயில் வரமாட்டேன் என்கிறது. இரண்டு, மூன்று தலைமுறைக்குள் இப்படித் தலைகீழாக மாறியது எப்படி? இந்த மாற்றத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் நம் உடம்பும் மனசும் எங்கே திணறுகின்றன? இதைப் பார்க்க நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். திருநீர்மலை, பல்லாவரம், தாம்பரம் என்று நாம் சைக்கிளில் சுற்றிய ஊர்களே போதும்.

மலையும் ஏரியும்

திருநீர்மலையைப் பற்றி நம்மவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலம். மலைமேல் ரங்கநாதர் கிடந்த கோலம், நரசிம்மர் இருந்த கோலம், உலகளந்த பெருமாள் நடந்த கோலம். திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்து நின்றதாம். அது வடியும் வரை ஆறு மாதம் காத்திருந்து சேவித்தாராம். இது தல வரலாறு. பக்தர்கள் இதில் பக்தியைப் பார்ப்பார்கள். வரலாற்று மாணவன் இதில் பூகோளத்தையும் பார்ப்பான். பக்கத்திலேயே அடையாறு, சுற்றிலும் தாழ்ந்த நிலம், ஒன்றோடொன்று தொடுத்து வைத்தாற்போல் ஏரிகள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு "ஏரிகள் மாவட்டம்" என்றே பெயர் உண்டு.

ஏரி என்பது வெறும் பள்ளம் கிடையாது. அது ஒரு ஏற்பாடு. தண்ணீர் வந்து சேர வரத்துக்கால்வாய். வந்ததைத் தேக்கக் கரை. தேவைக்குத் திறந்துவிட மதகு. இவை மூன்றும் இருந்தால் போதாது. நான்காவதாக ஒன்று வேண்டும்: கலங்கல். ஏரி நிறைந்த பிறகு வரும் உபரித் தண்ணீர் கரையை உடைக்காமல் தானாகவே வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும் வழி அது. "இதற்கு மேல் வேண்டாம், போதும்" என்று ஏரி சொல்லும் வாய் என்றே வைத்துக்கொள்ளலாம். நம்மவர்கள் இதையெல்லாம் ஏனோதானோ என்று விட்டுவைக்கவில்லை. இதே வட்டாரத்தில் உள்ள உத்திரமேரூரில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுத்த வாரியங்களைச் சொல்கிறது. அதில் ஏரி வாரியமும் ஒன்று.

கலங்கல் இல்லாமல் ஏரி வெட்டியவனை ஊர் சும்மா விடாது. ஆனால் நம் உடம்பைப் பாருங்கள். பிரமாதமான வரத்துக்கால்வாய் இருக்கிறது. சேமிக்கக் கரை இருக்கிறது. கலங்கல் மட்டும் மிகச் சிறியது. ஏன் அப்படி? இதற்குப் பதில் தேடி நாம் போக வேண்டிய இடம் பக்கத்துப் பல்லாவரம்தான்.

பல்லாவரத்துக் கல்

1863 மே 30. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் பல்லாவரத்தில், சரளைக்கல் தோண்டிய ஒரு குழியில், மனிதக் கை செதுக்கிய ஒரு கல்லைக் கண்டெடுத்தார். கைக்கோடாரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் அடையாளம் அதுதான். அதே வருஷம் செப்டம்பரில் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் அவருக்கும் அவருடைய சகாவுக்கும் இப்படிப்பட்ட கருவிகள் கிடைத்தன. அத்திரம்பாக்கத்தை மறுபடி அகழ்ந்த சாந்தி பப்புவின் குழு, அங்கே உள்ள பழைய கருவிகளின் வயது ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் வெளியிட்டது.

அந்தக் கோடாரிக்காரர்கள் நமக்கு நேர் மூதாதையர்களா, தூரத்து உறவா என்பது வேறு விவாதம். நமக்கு வேண்டியது அவர்கள் வாழ்ந்த விதம். வேட்டை கிடைத்தால் விருந்து, கிடைக்காவிட்டால் பட்டினி. தேன்கூடு கண்ணில் பட்டால் அன்றைக்கே தின்று தீர்த்துவிட வேண்டும். நாளைக்குக் கரடி விட்டுவைக்காது! மனிதகுலம் விவசாயம் கற்றுச் சுமார் பத்தாயிரம் ஆண்டுதான் ஆகிறது. அதற்கு முன்னால் லட்சக்கணக்கான ஆண்டுகள் இந்த வாழ்க்கைதான். இனிப்பையும் கொழுப்பையும் கண்டால் நாக்கில் நீர் ஊறியவனும், தின்றதைத் தொப்பையில் சேர்த்து வைக்கத் தெரிந்தவனும் பிழைத்தான். "எனக்கு வேண்டாம்பா" என்றவன் அடுத்த பட்டினியைத் தாண்டவில்லை.

இன்றைய உடலியல் இதை ஹார்மோன் கணக்கில் சொல்கிறது. 1994-இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. கொழுப்பு செல்கள் மூளைக்கு அனுப்பும் கடிதம் அது. கொழுப்பு குறைந்து லெப்டின் இறங்கினால் மூளை அலறிப் புடைத்துக்கொண்டு எழுகிறது. பசி, சோர்வு, சாப்பாட்டு நினைப்பு எல்லாம் சேர்ந்துகொள்ளும். சரி, கொழுப்பு கூடி லெப்டின் ஏறினால்? அதே வேகத்தில் "நிறுத்து" என்று கத்த வேண்டாமா? கத்துவதில்லை. பெரும்பாலும் கடிதத்தைப் படிக்காமலே மேஜைமேல் போட்டுவிடுகிறது. 1999-இல் ஜப்பான் நாட்டினர் கண்டுபிடித்த கிரெலின் என்ற ஹார்மோன் வயிற்றிலிருந்து பசியைத் தூண்டுகிறது. அதற்குச் சோம்பலே கிடையாது. நிறைந்துவிட்டது என்ற சேதியோ சாப்பிட ஆரம்பித்துக் கால் மணி, இருபது நிமிஷம் கழித்துத்தான் ஆடி அசைந்து வருகிறது. அதற்குள் நாம் மூன்றாவது தோசையில் இருப்போம்.

இதுதான் கலங்கல் சிறுத்த கதை. பஞ்சத்துக்காகக் கட்டிய ஏரி இது. வெள்ளம் வரும் என்று கட்டியவன் நினைக்கவில்லை.

தாது வருஷம்

கற்காலம் ரொம்பப் பழசு என்று தோன்றினால் நமக்கு மிக அருகில் ஒரு பஞ்சம் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே உலுக்கிய பஞ்சம். தாது வருஷப் பஞ்சம் என்று கிராமங்களில் இன்றும் பேச்சு உண்டு. லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். அப்போது நிவாரணச் செலவைக் குறைக்க வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நாள் முழுதும் மண் வெட்டும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். அரிசியானால் 1600 கலோரி அளவுக்குத்தான் வரும். மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், "இது ஆளைக் கொல்லும் கூலி" என்ற பொருளில் கடுமையாக வாதாடினார். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாகத்தான் வெட்டப்பட்டது. அடுத்த முறை அந்தப் பக்கம் பறக்கும் ரயிலில் போகும்போது கொஞ்சம் எட்டிப் பாருங்கள். நம் கொள்ளுத் தாத்தாக்கள் பசியோடு வெட்டிய வாய்க்கால் அது.

பசியின் கதை அதோடு முடியவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரேஷன் வந்தது. 1952-இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். அரிசித் தட்டுப்பாடு மறுபடியும் வந்தது. 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விடச் சொல்லி நாட்டைக் கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை இரவு ஓட்டல்களும் அடுப்பு மூட்டவில்லை. 1967 தேர்தலில் தமிழ்நாட்டையே புரட்டிப் போட்ட கோஷம் எதைப் பற்றியது? ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்! நம் மூத்த செட் நண்பர்கள் பலர் இதைக் காதால் கேட்டவர்கள்.

இந்தப் பசியோடு போராடியதில் தமிழ்நாட்டுக்குப் பெருமை உண்டு. 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவு, எல்லாருக்குமான ரேஷன், 2011 முதல் இலவச அரிசி. பட்டினிச் சாவு என்பது செய்தித்தாளில் அபூர்வமாக வரும் அளவுக்கு ஆனது. இதை லேசாகச் சொல்லிவிட்டுத் தாண்டக் கூடாது. நுகர்வு மிஞ்சிவிட்டது என்று இன்று புலம்புகிற நாம், அந்தப் புலம்பலுக்கே ஒரு தகுதி வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. முதலில் வயிறு நிறைந்திருக்க வேண்டும்.

ஆனால் எதனால் நிறைந்தது? இதைக் கேட்டவர்களும் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் 1920களில் எலிகளைக் கூண்டு கூண்டாகப் பிரித்து, ஒரு கூண்டுக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒரு கூண்டுக்கு மதராஸிச் சாப்பாடு என்று போட்டு வளர்த்தார். கோதுமை, பால், காய்கறி தின்ற சீக்கிய எலி கொழுகொழு. தீட்டிய அரிசி தின்ற நம்ம ஊர் எலி சோப்ளாங்கி! பசி அடங்குவது ஒன்று, உடம்புக்குச் சத்து சேர்வது இன்னொன்று என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. உமியோடும் தவிட்டோடும் போன சத்து திரும்பவில்லை. வெள்ளை அரிசி மட்டும் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது.

காஞ்ச மாடு கம்பங்கொல்லையில்

1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் சர்க்கரை வியாதிக்கென்று தனி கிளினிக் தொடங்கியபோது அது ஏதோ வசதியான வீட்டு வியாதி என்றுதான் பேச்சு. 1954-இல் ராயபுரத்தில் அதற்கென்றே மருத்துவமனை கட்டினார். பிறகு நடந்தது என்ன? சென்னை நகரத்தில் பெரியவர்களிடையே எடுத்த கணக்குகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1989-இல் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவு. 1995-இல் பதினொன்றைத் தாண்டியது. 2000-இல் பதின்மூன்றரை. 2004-இல் பதினாலுக்கு மேல். பதினைந்தே வருஷத்தில்! 2023-இல் வெளியான அகில இந்திய ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிக்கு மேல் என்றது.

"நம்ம மரபணுவே அப்படித்தான் சார்" என்று டீக்கடையில் தீர்ப்புச் சொல்வார்கள். 1962-இல் ஜேம்ஸ் நீல் என்ற அமெரிக்க விஞ்ஞானி அப்படித்தான் சொன்னார். பஞ்சத்தில் சேமிக்கத் தெரிந்த சிக்கன மரபணு, வளம் வந்ததும் வியாதி ஆகிறது என்பது அவர் ஊகம். அது அவ்வளவு எளிதில்லை என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். 1992-இல் ஹேல்ஸ், பார்க்கர் இருவரும் கதையைக் கருப்பைக்குள் கொண்டுபோனார்கள். தாய்க்குச் சத்துக் குறைவென்றால், வெளியே பஞ்சம் என்று குழந்தையின் உடம்பு உள்ளேயே முடிவு கட்டிக்கொள்கிறது என்றார்கள். புனேயில் டாக்டர் யாக்னிக் குழு 2003-இல் ஒன்றை அளந்து காட்டியது. அங்கே பிறந்த கிராமத்துக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. ஆனால் நம் குழந்தைகளிடம் சதைதான் குறைச்சல். தோலுக்கடியில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. அந்தக் குழந்தை பெரிதாகி டவுனுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மூன்று வேளையும் வெள்ளை அரிசி சாப்பிடும்போது கரை தாங்குவதில்லை.

மனசும் இதே மாதிரிதான். 2013-இல் வெளியான ஓர் ஆய்வு நம் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடந்தது. அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லாத நாளிலும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகும் அதே ஆளுக்கே அறிவுச் சோதனை வைத்தார்கள். காசில்லாத நாளில் மதிப்பெண் குறைந்தது. ஆள் முட்டாளானதால் இல்லை. இல்லாமை என்பது மனசின் பெரும் பகுதியைப் பிடித்து உட்கார்ந்துகொள்கிறது. வேறு எதையும் யோசிக்க இடம் இல்லை. பற்றாக்குறையில் வளர்ந்தவர்கள் வசதி வந்த பிறகும் பரணில் எட்டுப் பாத்திரம் அடுக்கி வைப்பதையும், பேரனுக்கு வயிறு முட்ட ஊட்டிவிட்டு "இன்னும் ஒரு வாய்டா கண்ணா" என்பதையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அது பேராசை இல்லை. பயம்.

இன்னொரு செய்தி, நம் மனசை உறுத்த வேண்டிய செய்தி. தமிழ்நாடு போன்ற வசதியான மாநிலங்களின் நகர்ப்புறங்களில் பணக்காரரைவிட ஏழைகளிடம்தான் சர்க்கரை நோய் அதிகம் என்று 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. இருப்பதிலேயே மலிவு எது? வெள்ளை அரிசி, மைதா, பாமாயில், சர்க்கரை போட்ட டீ. காய்கறியும் பழமும்தான் விலை. ஆகவே "மிகை நுகர்வு" என்றதும் ஏசி காரில் போகிறவனை மட்டும் நினைக்காதீர்கள். அவனுக்கு ஜிம் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். கட்டடவேலை முடித்து நாலு பரோட்டாவில் இரவைக் கழிக்கிற தொழிலாளிக்குக் காலில் புண் வந்த பிறகுதான் விஷயமே தெரியும்.

மாம்பலத்தில் ஒரு ரங்கநாதன்

நீர்மலையில் ஒரு ரங்கநாதர். மாம்பலத்தில் ஒரு ரங்கநாதன் தெரு. இரண்டுக்கும் நடுவில் 1931 முதல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில். அந்த ரயிலில் தீபாவளிக்கு முன்னால் திரும்பி வந்தவர்களுக்குத் தெரியும், இரண்டு கையிலும் பை, கழுத்தில் ஒரு பை. வாங்கப் போனது ஒரு சட்டை!

இந்த ஆசையின் ரகசியத்தை மூளை ஆராய்ச்சி ஓரளவு பிடித்துவிட்டது. 1954-இல் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இருவர் எலியின் மூளையில் ஒரு இடத்தில் மின்கம்பி வைத்தார்கள். கட்டையை அழுத்தினால் அங்கே சின்ன மின்தூண்டல். எலி விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தது. பிறகு வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் பார்த்தார். பழச்சாறு கிடைக்கும்போது டோபமைன் செல்கள் துடித்தன. சாறு வருமுன் விளக்கு எரியும் என்று குரங்கு பழகிக்கொண்ட பின், துடிப்பு விளக்குக்கு மாறிவிட்டது! சாறு வரும்போது சத்தமே இல்லை. கென்ட் பெரிட்ஜ் இதை இன்னும் தெளிவாக்கினார். மூளையில் "வேணும்" என்பதற்கு ஒரு பாதை, "நல்லாயிருக்கு" என்பதற்கு வேறொரு பாதை. முதலாவது பெரிசு, இரண்டாவது சின்னது. வாங்கும் வரை துடிக்கும் மனசு, வாங்கி வீட்டுக்கு வந்து பிரித்ததும் "அவ்வளவுதானா?" என்று சப்பென்று ஆவது இதனால்தான். 1971-இல் பிரிக்மன், கேம்ப்பெல் என்ற உளவியலாளர்கள் சொன்னதும் இதுவே. மனிதன் எது கிடைத்தாலும் சீக்கிரம் பழகி, பழைய நிலைக்கே வந்துவிடுகிறான். நம் ஊர் செக்குமாட்டுக்கு இது முன்னாலேயே தெரியும். நாள் முழுக்க நடை. சேர்ந்த இடம் புறப்பட்ட இடம்.

மாணவர்களே, உங்கள் கையிலிருக்கும் போனுக்கும் இது அப்படியே பொருந்தும். அந்தச் சின்னச் சிவப்புப் புள்ளிதான் ஷுல்ட்ஸின் விளக்கு. பேப்பர் படித்தால் கடைசிப் பக்கம் வரும். சினிமாவில் "வணக்கம்" போடுவான். விரலால் தள்ளத் தள்ள வரும் இந்த வீடியோவுக்கு முடிவே வைக்கவில்லை. வைக்காமல் விட்டது தற்செயல் என்று நினைக்கிறீர்களா?

சாப்பாட்டுக் கம்பெனிகளும் இதே பாடத்தைப் படித்திருக்கின்றன. 2019-இல் அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனத்தில் கெவின் ஹால் 20 பேரை நான்கு வாரம் தங்க வைத்தார். இரண்டு வாரம் பாக்கெட், டப்பாச் சாப்பாடு. இரண்டு வாரம் வீட்டுச் சாப்பாடு மாதிரி. இரண்டிலும் பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஏறக்குறைய ஒரே அளவு. "வேண்டிய மட்டும் சாப்பிடுங்கள்" என்றார். பாக்கெட் சாப்பாட்டு நாட்களில் ஆளுக்குத் தினம் 500 கலோரி வரை அதிகம் உள்ளே போனது. அவர்களுடைய மன உறுதி இரண்டு வாரத்தில் மாறிவிடவில்லை. சாப்பாடுதான் மாறியது.

மோர் வந்தால் முடிந்தது

நம் முன்னோருக்கு லெப்டின் தெரியாது. ஆனால் கலங்கல் தெரியும். வாழையிலைப் பந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பார், ரசம், மோர் என்று ஒரு வரிசை. மோர் வந்தால் முடிந்தது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். இலையை மடித்தால் பரிமாறுகிறவர் நகர்ந்துவிடுவார். அடுத்த பந்திக்காரர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பது வேறு! 1981 வாக்கில் பார்பரா ரோல்ஸும் அவருடைய சகாக்களும் ஒன்றைக் காட்டினார்கள். ஒரே சுவை சீக்கிரம் அலுத்துவிடும். சுவை மாற மாற மனிதன் அதிகம் தின்பான். வயிறு நிறைந்தபின்னும் பாயசத்துக்கு மட்டும் தனி இடம் கிடைக்கும் மர்மம் அதுதான். நாற்பது அயிட்டம் வரிசையாக வைத்த இன்றைய பஃபேயில் மோர் எங்கே வரும்? எந்த இலையை மடிப்பது?

ஏகாதசி, ரம்ஜான் நோன்பு, தவக்காலம் என்று எல்லா மதத்திலும் விருந்துக்குப் பக்கத்திலேயே விரதத்தை உட்கார வைத்தார்கள். இன்று விருந்துகளை எல்லாம் வைத்துக்கொண்டு விரதத்தை மட்டும் விட்டுவிட்டோம். திருக்குறளில் "மருந்து" என்று 95-ஆவது அதிகாரம் இருக்கிறதே, ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பத்துக் குறளிலும் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. பாதிக்கு மேல் சாப்பாட்டின் அளவையும் நேரத்தையும் பற்றித்தான்.

ஊரும் ஓர் உடம்பு

உடம்பில் சேர்ந்தது தொப்பையாகிறது. ஊரில் சேர்ந்தது எங்கே போகிறது? பல்லாவரம் பெரிய ஏரியைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். ஏரியைப் பிளந்துகொண்டு ரேடியல் சாலை. பல வருஷம் அதன் ஓரத்தில் மலை மலையாகக் குப்பை. அந்தச் சாலையிலேயே கிழக்கே போனால் பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் பெருங்குடிக் குப்பைக் கிடங்கும். ரங்கநாதன் தெருவில் தொடங்கிய பை அங்கேதான் இறங்கியது.

2015 டிசம்பரில் அடையாறு பொங்கியபோது முடிச்சூர், வரதராஜபுரம், அனகாபுத்தூர் எல்லாம் தண்ணீரில். படகில் ஆள் ஏற்றினார்கள். நாலே வருஷம். 2019 கோடையில் சென்னைக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது! வந்தால் வெள்ளம், இல்லாவிட்டால் வறட்சி. சர்க்கரை நோயாளியின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு மாதிரியே இல்லை? வாங்கி வைக்கவும் வழியில்லை, வழிய விடவும் வழியில்லை. வரத்துக்கால்வாயில் வீடு, கலங்கலில் கடை, கரையில் குப்பை. 2021-இல் திருநீர்மலை பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. வளர்ச்சி வரட்டும், வேண்டியதுதான். கூடவே ஏரி வாரியம் ஒன்றும் வந்தால் தேவலை.

இவ்வளவு சொன்னபின் "ஆகவே ஆசையை அடக்குங்கள்" என்று முடித்தால் வேலை சுலபம். ஆனால் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கலங்கலைத் தண்ணீரின் நல்ல மனசை நம்பிக் கட்டவில்லை. கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினார்கள். தனி மனிதன் பல்லைக் கடித்துக்கொண்டு "வேண்டாம்" என்று சொல்வதை நம்பி ஒரு சமூகம் நடக்க முடியாது. பசியைத் தோற்கடிக்க ஆண்டுகளாக ஆட்சிகளும் சட்டங்களும் சமையல்கூடங்களும் வேண்டியிருந்தன. மிகையைத் தோற்கடிக்கவும் அதே அளவு ஏற்பாடு வேண்டும். ரேஷனில் அரிசியோடு சிறுதானியமும் பருப்பும் கூடட்டும். பள்ளி வாசலில் பாக்கெட் கடை குறையட்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டு வருகிறது; நல்ல காரியம். மாத்திரை வேண்டாத உடம்பும் வாசலுக்கு வர வேண்டும்.

பெரிய காரியங்கள் நடக்கும்போது நடக்கட்டும். இந்த வருஷச் சந்திப்பில் நம் சங்கம் செய்யக் கூடியதாக மூன்று சின்ன யோசனைகள். ஒன்று, பஃபே வேண்டாம். இலை போடுங்கள், மோரோடு முடியுங்கள். இரண்டு, நினைவுப் பரிசு என்று ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஷீல்டு கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தி, அந்தப் பணத்தில் ஏதாவது ஒரு ஏரியின் வரத்துக்கால்வாயைத் தூர்வார மாணவர்களோடு கை கோப்போம். மூன்றாவது யோசனைக்குக் காலணா செலவில்லை. பந்தியில் எதிரே இருப்பவர் இலைக்கு மேல் கையை மறித்து "போதும்" என்றால், "அட, ஒண்ணே ஒண்ணு சார்!" என்று வற்புறுத்தாதீர்கள். பாவம், லட்சக்கணக்கான ஆண்டுப் பழக்கத்தை எதிர்த்து அவர் அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்கிறார்.